லேபிளில் ‘விர்ஜின் வுல்’ என்று எப்போது போடலாம்? வெறும் ‘வுல்’ என்றால் என்ன வித்தியாசம்?

பாவும்ஊடையும் கேட்டது:

கோட்டுத் துணி ஒன்றின் ஸ்பெக் ஷீட்டில் ‘விர்ஜின் வுல் 80%, பாலியமைடு 20%, 450 ஜிஎஸ்எம்’ (சதுர மீட்டருக்கு 450 கிராம்) என்று இருக்கிறது. நூல் கொடுப்பவரின் தாளில் ‘வுல் 80, நைலான் 20’ என்று மட்டும்தான் உள்ளது (பாலியமைடும் நைலானும் ஒன்றுதான்). ‘விர்ஜின்’ எங்கே என்று கேட்டால், ‘கம்பளி என்றால் கம்பளிதான், அதில் புதுசென்ன, பழசென்ன’ என்று பதில் வருகிறது. துணி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போக வேண்டியது. லேபிளில் தப்பாக அச்சிட்டுவிடக் கூடாது.

தேடிப் பார்த்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். குட்டியாக இருக்கும்போது முதன்முதலாக வெட்டிய ரோமம்தான் விர்ஜின் என்கிறார் ஒருவர். சாயம் ஏற்றாதது என்கிறார் இன்னொருவர். ரசாயனமே படாதது, ஆர்கானிக் என்றும் எழுதியிருக்கிறார்கள். எது சரி? ஆலையிலேயே விழும் கழிவை மறுபடி கலந்து நூற்றால் அது விர்ஜின் கணக்கில் வருமா? துணியைக் கையில் வைத்துக்கொண்டே புதுசா, பழைய துணியைப் பிய்த்து எடுத்ததா என்று கண்டுபிடிக்க முடியுமா?

இழைநோக்கி பதில்:

நீங்கள் சொன்ன மூன்று விளக்கமும் தவறு.

ஆட்டை விட்டு வந்த பிறகு அந்த இழை இதற்கு முன் ஒரு தடவையாவது நூலாகவோ, நெய்த துணியாகவோ, பின்னலாகவோ, ஃபெல்ட்டாகவோ ஆகியிருக்கிறதா? ஆகவில்லை என்றால் விர்ஜின். ஆகியிருந்து, அதைப் பிய்த்துத் திரும்பப் பஞ்சாக்கி நூற்றிருந்தால் விர்ஜின் இல்லை. இதைத் தாண்டி அந்தச் சொல்லுக்கு வேறு வேலை கிடையாது. இழை மெல்லியதா, ஆட்டுக்கு என்ன வயது, எந்த இனம் என்று எதையும் அது சொல்லாது.

தமிழில் சிலர் ‘கன்னிக் கம்பளி’ என்று சொல்லுக்குச் சொல் எழுதிவிடுகிறார்கள். முதல் கத்தரிப்பு என்ற குழப்பம் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. ‘புதுக் கம்பளி’ என்று சொன்னால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். ஆங்கிலத்திலேயே ‘நியூ வுல்’, ‘விர்ஜின் வுல்’ இரண்டுக்கும் ஒரே பொருள்தான். 1964இல் வந்த வுல்மார்க் முத்திரையோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘ப்யூர் நியூ வுல்’ என்பதும் இதே புதுக் கம்பளிதான்.

குட்டியின் முதல் ரோமத்துக்குத் தனிப் பெயர் இருக்கிறது: லாம்ப்ஸ்வுல். ஏறக்குறைய ஏழு மாதத்துக்குள் வெட்டியது. அதற்கு முன் கத்தரி படாததால் இழையின் நுனி கூர்மையாகவே இருக்கும். தொட்டால் மென்மையாகத் தெரிய இதுவும் ஒரு காரணம். லாம்ப்ஸ்வுல் புதிதாக இருந்தால் அதுவும் விர்ஜின்தான். ஆனால் ஆறு வயது ஆட்டின் ஆறாவது கத்தரிப்பும் விர்ஜின்தான். சாயம் ஏற்றியிருக்கலாம். ரோமத்தில் ஒட்டிய விதைமுள் போக சல்ஃப்யூரிக் அமிலத்தில் கார்பனைசிங் (முள்ளைக் கருக்கி உதிர்ப்பது) செய்திருக்கலாம். சுருங்காமல் இருக்கக் குளோரின் கொடுத்துப் பிசின் பூசியிருக்கலாம். இவற்றுக்குப் பிறகும் விர்ஜின் என்றே விற்கிறார்கள். ஆகவே ஆர்கானிக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆடு எப்படி வளர்க்கப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் ஆர்.டபிள்யூ.எஸ். (ரெஸ்பான்சிபிள் வுல் ஸ்டாண்டர்டு) போன்ற தனிச் சான்றிதழைக் கேட்க வேண்டும்.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. வெறும் ‘வுல்’ என்ற சொல் ஐரோப்பாவில் ஒன்று, அமெரிக்காவில் இன்னொன்று.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1007/2011 ஒழுங்குமுறையில் ‘வுல்’ என்றால் செம்மறி ஆட்டின் ரோமம், அவ்வளவுதான். அது முன்பு துணியாக இருந்ததா என்று சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பழைய ஸ்வெட்டரைப் பிய்த்து நூற்ற துணிக்கும் ‘100% வுல்’ என்று எழுதலாம். அதனால்தான் அங்கே ‘விர்ஜின்’ என்ற அடைமொழிக்கு இவ்வளவு மதிப்பு.

அமெரிக்காவில் 1939ஆம் ஆண்டின் கம்பளிப் பொருள் லேபிள் சட்டம் வேறு வழியில் போகிறது. நெய்த துணியிலிருந்தோ ஃபெல்ட்டிலிருந்தோ பிரித்தெடுத்த இழையை அங்கே ‘வுல்’ என்று சொல்லக் கூடாது, ‘ரீசைக்கிள்டு வுல்’ என்றுதான் எழுத வேண்டும். முன்பு ‘ரீபிராசஸ்டு’, ‘ரீயூஸ்டு’ என்று இரண்டு பெயர்கள் இருந்தன. 1980 திருத்தத்தில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

உங்கள் நூல்காரர் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் தாளில் ‘விர்ஜின்’ இல்லை என்றால் உங்கள் லேபிளிலும் அதைப் போட முடியாது.

கார்டிங்மாஸ்டர் பதில்:

ஆலைக் கழிவு பத்தி கேட்டிருக்கீங்க, அதுலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. கொஞ்சம் விவரமா சொல்றேன்.

கழிவு ரெண்டு வகை. முறுக்கு ஏறாதது ஒண்ணு, முறுக்கு ஏறினது ஒண்ணு. கார்டுக்கு (இழையைக் கம்பிப் பல்லால சீவிப் பிரிக்கிற மெஷின்) அடியில விழுற இழை, அறுந்த ஸ்லைவர் (முறுக்கு ஏறாத இழைக் கயிறு) துண்டு, கோம்பிங்ல சீப்புல பிரிஞ்சு வர்ற குட்டை இழையான நாயில், இதெல்லாம் சாஃப்ட் வேஸ்ட். இது இன்னும் நூலே ஆகலை. திரும்பக் கலவையில போட்டு நூத்தா விர்ஜின் கணக்குதான், ரெண்டு இடத்துலயும்.

நூல் ஆயிட்ட பிறகு வர்றது ஹார்டு வேஸ்ட். கோன் மாத்தும்போது மிஞ்சுற நூல், வார்ப்பிங்ல (பாவு ஓட்டும்போது) வெட்டுறது, தறியில கரை ஓரமா வெட்டி விழுற நூல். இதை கார்னெட் மெஷின்ல விட்டு, பல்லால பிச்சுத் திரும்ப இழையாக்குவாங்க. அதே ஆலை, அதே லாட், நேத்து நூத்த நூலாவே இருக்கட்டும், ஒரு தடவை முறுக்கு ஏறி இறங்கினா விர்ஜின் போச்சு. ஐரோப்பிய விதியில அந்தப் பொருளைச் செய்யத் தேவையானதைத் தாண்டி வேற எந்த நூற்பும் அந்த இழை பார்த்திருக்கக் கூடாது. அமெரிக்க விதியும் நூலிலிருந்து பிரிச்ச இழைக்கு ‘விர்ஜின்’, ‘நியூ’ ரெண்டையும் தடுக்குது. ஆனா அமெரிக்காவுல ஒரு நுணுக்கம் இருக்கு. நூல் கழிவு இன்னும் நெசவோ ஃபெல்ட்டோ ஆகலைங்கிறதால அதை வெறும் ‘வுல்’னு சொல்லலாம். ‘ரீசைக்கிள்டு’ன்னு எழுத வேண்டியதில்லை, ‘விர்ஜின்’னும் எழுத முடியாது. நடுவுல நிக்கும். ‘வுல் 80’னு மட்டும் தாள் கொடுக்கிற நூல்காரர்கிட்ட அனேகமா இந்தச் சரக்குதான் இருக்கும். முதல்ல இதைக் கேளுங்க.

அடுத்தது நாயில். இது விர்ஜின்தான், சந்தேகம் வேண்டாம். ஆனா இழை குட்டை. டாப்ஸ்ல (சீவி முடிச்ச நீள இழைக் கயிறு) 65, 70 மி.மீ. சராசரி வர்ற மெரினோவா இருந்தாலும் அதோட நாயில் 10லேருந்து 40 மி.மீ.க்குள்ளதான் கிடக்கும், நடுநடுவுல நெப்பும் (சின்ன இழை முடிச்சு) இருக்கும். அதனால லேபிள்ல விர்ஜின்னு இருக்கேன்னு நீளமான இழைன்னு நினைச்சுடாதீங்க. கோட்டுத் துணி மாதிரி கார்டு நூல்ல போற, அப்புறம் மில்லிங் பண்ணி (ஈரத்துல அடிச்சுச் சுருக்கி) மூடுற துணிக்கு 15, 20 சதவீதம் நாயில் போறதுல தப்பே இல்லை. அதுக்கு மேல போனா நூல் பலம் குறையும், தறியில அறுப்பு ஏறும்.

கடைசியா கலப்படம். ஐரோப்பாவுல கார்டு பண்ணின சாதாரணத் துணிக்கு, தவிர்க்கவே முடியாம சேர்ந்துபோற வேற்று இழை 5 சதவீதம் வரைக்கும் பொறுத்துக்குவாங்க. லேபிள்ல ‘விர்ஜின்’னு போட்டுட்டா அது 0.3 சதவீதம்தான். 100 கிலோவுக்கு 300 கிராம். இது எவ்வளவு சின்ன அளவுன்னு கார்டு ஓட்டுறவங்களுக்குத் தெரியும். முந்தின லாட்ல அக்ரிலிக் ஓடியிருந்து, கார்டோட சிலிண்டர், டாஃபர் உருளைகள்ல இருக்கிற கம்பி ஆடையை முழுசா உருவிச் சுத்தம் பண்ணாம அடுத்த லாட்டைப் போட்டா, முதல் சில கிலோவுலயே அந்த 300 கிராம் வந்துடும். முதல்ல வர்ற நூலைத் தனியா ஒதுக்கிடணும். பேல் கட்டுற பாலிப்ரொப்பிலீன் கயிறு இன்னொரு தொல்லை. கம்பளிச் சாயம் அதுல ஏறாது. கரும்பச்சைத் துணியில வெள்ளைப் புள்ளியா துருத்திக்கிட்டு நிக்கும். பிரிக்கும்போதே கயிறைக் கையால எடுத்துடணும், மெஷினுக்குள்ள போயிட்டா நூறு துண்டா ஆயிடும்.

பாவும்ஊடையும்:

இப்போது புரிகிறது. அப்படியென்றால் கீழே உள்ள மூன்று கலவைக்கும் லேபிள் எப்படி வரும்?

முதலாவது: கழுவிய கம்பளி 55, நாயில் 15, கார்னெட் செய்த நூல் கழிவு 10, நைலான் 20.
இரண்டாவது: புதுக் கம்பளி 60, நைலான் 20, அக்ரிலிக் 20, எல்லாம் கார்டிங்குக்கு முன்பே கலந்தது.
மூன்றாவது: பாவு (நீளவாட்டு நூல்) முழுக்கப் பருத்தி, ஊடை (குறுக்கு நூல்) முழுக்கப் புதுக் கம்பளி. துணியின் எடையில் பருத்தி 55, கம்பளி 45.

இழைநோக்கி பதில்:

முதலில் ஐரோப்பிய விதியைச் சொல்லிவிடுகிறேன். துணி முழுக்கப் புதுக் கம்பளியாக இருந்தால் சிக்கல் இல்லை. கலப்புத் துணியில் ‘விர்ஜின்’ என்ற சொல் வர மூன்று நிபந்தனைகள் உண்டு. துணியில் உள்ள கம்பளி அத்தனையும் புதிதாக இருக்க வேண்டும். அந்தக் கம்பளி மொத்த எடையில் 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இழையோடு இழையாகக் கலந்த கலவையாக இருந்தால், கம்பளியோடு வேறு ஒரே ஒரு வகை இழைதான் சேரலாம். எல்லா இழைகளின் சதவீதத்தையும் முழுதாக எழுதியாக வேண்டும்.

முதல் கலவை: 10 பங்கு நூல் கழிவு எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. ‘விர்ஜின் வுல் 70, வுல் 10’ என்று பிரித்து எழுதித் தப்பிக்கவும் முடியாது, கம்பளி அத்தனையும் புதிது என்ற நிபந்தனை இருக்கிறதே. ஐரோப்பாவுக்கு ‘வுல் 80%, பாலியமைடு 20%’. அமெரிக்காவுக்கு ‘வுல் 80%, நைலான் 20%’. அந்த 10 பங்கு நூல் கழிவாக இல்லாமல் நெய்த துணியின் வெட்டுத் துண்டாக இருந்தால் அமெரிக்க லேபிள் ‘வுல் 70%, நைலான் 20%, ரீசைக்கிள்டு வுல் 10%’ என்று மாறும்.

இரண்டாவது: கம்பளி எல்லாம் புதிதுதான். ஆனால் இழைக் கலவையில் நைலான், அக்ரிலிக் என்று இரண்டு வேற்று இழைகள் இருக்கின்றன. ஐரோப்பாவில் ‘விர்ஜின்’ போடக் கூடாது, ‘வுல் 60%’ மட்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். கம்பளி சுத்தமாகத்தானே இருக்கிறது என்ற நம்பிக்கையில் அச்சடித்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் இந்த எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. அந்த 60ம் முழுக்கப் புதிது என்று காட்ட முடிந்தால் ‘விர்ஜின் வுல் 60%’ எழுதலாம்.

மூன்றாவது: பருத்தி பாவில் தனியாக இருக்கிறது, கம்பளி ஊடையில் தனியாக இருக்கிறது. இழையோடு இழை கலக்கவில்லை. 45 சதவீதம் என்பதால் அளவும் சரி. ‘பருத்தி 55%, விர்ஜின் வுல் 45%’ என்று எடை வரிசைப்படி எழுதுங்கள்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். அமெரிக்க லேபிளில் ‘நைலான்’, ஐரோப்பிய லேபிளில் பொதுவாக ‘பாலியமைடு’. ஐரோப்பாவில் விற்கும் நாட்டின் மொழியில் லேபிள் இருக்க வேண்டும். ஜெர்மனில் ‘ஷூர்வோல’, பிரெஞ்சில் ‘லேன் வியர்ஜ்’, இத்தாலியனில் ‘லானா வெர்ஜினே’. ஜெர்மன் லேபிளில் ‘ஷூர்வோல’ வர வேண்டிய இடத்தில் ‘வோல’ என்று மட்டும் வந்துவிட்டால் சட்டப்படி வேறு பொருள். மொழிபெயர்ப்பவரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, ஸ்பெக்கில் யாராவது ‘சூப்பர் 100’ என்று சேர்த்தால் உடனே கேள்வி கேளுங்கள். சர்வதேசக் கம்பளி ஜவுளி அமைப்பின் விதிப்படி சூப்பர் எண் புதுக் கம்பளித் துணிக்கு மட்டுமே உரியது. 20 சதவீதம் நைலான் கலந்த துணிக்குப் பொருந்தாது. அந்த எண் இழையின் விட்டத்தைக் குறிப்பது: சூப்பர் 100க்குச் சராசரி 18.75 மைக்ரான் அல்லது அதற்கும் மெல்லியது, சூப்பர் 120க்கு 17.75.

நுண்ணோக்கி பதில்:

சோதனை பற்றி யாரும் இன்னும் தொடவில்லை. நேராகவே சொல்கிறேன்: ஓர் ஒற்றை இழையை மட்டும் கொடுத்து, இது முன்பு துணியாக இருந்ததா என்று கேட்டால் எந்த ஆய்வகத்தாலும் அடித்துச் சொல்ல முடியாது. கெரட்டின் கெரட்டின்தான்.

எரித்துப் பார்க்கும் சோதனை இதற்கு உதவாது. முடி கருகும் வாசனை, தீயை எடுத்தால் தானே அணைவது, நசுக்கினால் பொடியாகும் கரி எல்லாம் கம்பளி என்பதற்குச் சாட்சி, புதுசு என்பதற்குச் சாட்சி அல்ல. ரசாயனப் பகுப்பாய்வும் அப்படித்தான். சோடியம் ஹைப்போகுளோரைட்டில் கம்பளி கரைந்து நைலான் மிஞ்சும். 80 சதவீத ஃபார்மிக் அமிலத்தில் நைலான் கரைந்து கம்பளி மிஞ்சும். இதனால் 80/20 சரியா என்று தெரியும். அந்த 80இல் எவ்வளவு பழசு என்று தெரியாது. ‘சோதனை அறிக்கையில் வுல் 80 வந்திருக்கிறது’ என்று நூல்காரர் தாளை நீட்டினால், அது உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை.

நுண்ணோக்கியில் அறிகுறிகள் கிடைக்கும். புது இழையின் மேல் செதில்கள் விளிம்பு மாறாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கும். பிய்த்தெடுத்த இழையில் செதில் பல இடங்களில் தேய்ந்து வழுவழுப்பாகவும், முனைகள் துடைப்பம் போல் பிரிந்தும் இருக்கும். அதைவிட நல்ல துப்பு, சம்பந்தமில்லாத ஒட்டு இழைகள். ஒரே நூலுக்குள் இரண்டு பருத்தி இழை, ஒரு விஸ்கோஸ், சிவப்பாக ஒரு அக்ரிலிக், நீலமாக ஒரு பாலியெஸ்டர் என்று ஆளுக்கொன்றாகக் கிடந்தால் அது பழைய துணிக் கூட்டத்திலிருந்து வந்தது. ஆனால் பல நிறம் இருப்பதாலேயே முடிவு கட்டாதீர்கள். மெலாஞ்ச் நூலில் முன்பே சாயம் ஏற்றிய இழைகளைத் திட்டமிட்டுக் கலப்பார்கள். அங்கே இரண்டு மூன்று நிறங்கள், நூல் நெடுக ஒரே விகிதத்தில் வரும். பழையதில் நிறங்கள் எண்ணிக்கையில்லாமல், ஒழுங்கில்லாமல் வரும்.

காரக் கரைதிறன் சோதனையும் ஒன்று இருக்கிறது: 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் 65 டிகிரி செல்சியஸில் 1 மணி நேரம். சேதமான கம்பளி அதிகம் கரையும். ஆனால் ப்ளீச் செய்த புதுக் கம்பளியிலும் எண் ஏறும் என்பதால் இதையும் தனியாக நம்பக் கூடாது.

கையால் செய்யக்கூடியது இழை நீளம் பார்ப்பது. குறைந்தது 15 செ.மீ.க்கு 15 செ.மீ. துண்டு எடுங்கள். சாம்பிள் அட்டையில் ஒட்டிய 4 செ.மீ. துண்டு வேண்டாம். அதில் கத்தரியே இழைகளை வெட்டியிருக்கும், எல்லாம் குட்டையாகத் தெரியும். நடுப்பகுதியிலிருந்து ஓர் ஊடை நூலை உருவுங்கள். துணி நன்றாக மில்லிங் ஆகியிருந்தால் நூல் வராமல் முரண்டு பிடிக்கும், ஊசி முனையால் மெதுவாக நெம்ப வேண்டும். நூலின் முறுக்குக்கு எதிர்த் திசையில் விரலால் உருட்டி, இழைகள் இணையாகத் தெரியும்வரை பிரியுங்கள். பிறகு இரு முனையையும் மெல்ல இழுங்கள். நீள இழையாக இருந்தால் வழுக்கிக்கொண்டே போய்த் தாமதமாகப் பிரியும். குட்டையாக இருந்தால் இழுத்த கணத்தில் பொட்டென்று விட்டுவிடும். பிரிந்த இழைகளில் இருபதை எடுத்து, வெளிர் இழையைக் கறுப்புத் தாளிலும் கரிய இழையை வெள்ளைத் தாளிலும் வைத்து, நேராக நீட்டி அளவுகோலில் பாருங்கள். பாதிக்கு மேல் 15 மி.மீ.க்குள் இருந்தால் பிய்த்தெடுத்த இழையா என்று சந்தேகிக்கலாம். சந்தேகம் என்று மட்டும்தான் சொல்கிறேன். கார்டிங்மாஸ்டர் சொன்னதுபோல் நாயில் அதிகம் போட்டாலும் இதே காட்சிதான் கிடைக்கும். அதனால் இழை நீளம், ஒட்டு இழை, கலவைத் தாள் (எந்த இழை எத்தனை கிலோ போனது என்ற தாள்) மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் முடிவுக்கு வர முடியும்.

பின்னலூசி:

நடுவில் ஒரு கேள்வி. லேபிளில் ‘100% விர்ஜின் வுல்’ என்று இருந்தும் ஸ்வெட்டர் கழுத்தில் குத்துகிறது என்றால் அது போலியா?

நுண்ணோக்கி பதில்:

போலி என்று சொல்ல முடியாது. குத்துவது இழையின் தடிமனால். 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழையின் முனை தோலில் படும்போது வளையாமல் நிமிர்ந்து அழுத்தும், அதைத்தான் குத்தல் என்று உணர்கிறோம். நூறு இழையில் ஐந்துக்கு மேல் அப்படி இருந்தால் பலருக்குத் தாங்காது. மெல்லிய மெரினோ 17, 18 மைக்ரான் இருக்கும். கம்பள விரிப்புக்குப் போகும் ரோமம் 35ஐத் தாண்டும். இரண்டுமே விர்ஜின்தான். உடம்போடு ஒட்டிப் போடுவதற்கு வாங்கும்போது மைக்ரான் எண்ணைக் கேளுங்கள், அல்லது ‘கம்ஃபர்ட் ஃபேக்டர்’ 95க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். அது 30 மைக்ரானுக்கு உட்பட்ட இழைகளின் சதவீதம்.

துவைப்பதிலும் விர்ஜின் என்பதால் தனிச் சலுகை கிடையாது. செதில் முழுதாக இருக்கும் புது இழை, வெந்நீரும் அலசலும் சேர்ந்தால் ஒன்றோடொன்று கொக்கி போட்டுச் சுருங்குவதில் முன்னால் நிற்கும். 30 டிகிரிக்கு மேல் வேண்டாம். சோப்பில் புரோட்டியேஸ் நொதி இருக்கக் கூடாது, கம்பளி புரதம் என்பதால் அதையும் தின்றுவிடும். குளோரின் ப்ளீச் பக்கமே போகாதீர்கள், ஆய்வகத்தில் கம்பளியைக் கரைக்கப் பயன்படுத்துவதே அதைத்தான். பிழியாமல் துண்டில் சுருட்டி ஒற்றி, படுக்கைவாட்டில் உலர விடுங்கள்.

பழையநூல் பதில்:

மேலே படித்துவிட்டு ரீசைக்கிள்டு கம்பளி என்றாலே மட்டம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். 1813இல் யார்க்‌ஷயரின் பேட்லியில் பெஞ்சமின் லா பழைய கம்பளித் துணியைப் பிய்த்துப் புதுக் கம்பளியோடு கலந்து நூற்கும் முறையைக் கொண்டுவந்தார். அந்தச் சரக்குக்கு ஷாடி என்று பெயர். மில்லிங் செய்த கெட்டித் துணியிலிருந்து எடுத்தது மங்கோ, அதில் இழை இன்னும் குட்டை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஷாடி சீருடைகள் சீக்கிரமே பிய்ந்துபோனதால் அந்தச் சொல்லுக்கே மட்டமானது என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. ஆனால் இத்தாலியின் பிராட்டோவில் பழைய துணிகளை நிறம் நிறமாகப் பிரித்துப் பிய்த்து, பல நிறங்களை மறுபடி சாயமே ஏற்றாமல் நூற்கிறார்கள். தண்ணீர், சாயம், கழுவும் வேலை எல்லாம் மிச்சம். அதிலிருந்து நல்ல கோட்டுத் துணி வருகிறது.

குறை எங்கே வரும் என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். குட்டை இழை நூலில் நன்றாகப் பிடித்து நிற்காது. முழங்கை, பாக்கெட் வாய், உட்காரும் இடம் ஆகியவற்றில் முதலில் உருண்டை உருண்டையாகத் திரளும், பிறகு துணி மெலியும். அதைத் தாங்கத்தான் நைலான் சேர்க்கிறார்கள். பாவில் புது நூலும் ஊடையில் ரீசைக்கிள்டு நூலும் போட்டால் தறியில் இழுவை தாங்கும், துணியும் நிற்கும். எனக்கு ஆட்சேபம் பழைய இழையின் மீது அல்ல. அதைப் போட்டுவிட்டு விர்ஜின் என்று எழுதுவதும், போட்டதைச் சொல்லாமல் ‘100% வுல்’ என்று மறைப்பதும்தான் தவறு. ரீசைக்கிள்டு என்று பெருமையாகச் சொல்லியே விற்க ஜி.ஆர்.எஸ். (குளோபல் ரீசைக்கிள்டு ஸ்டாண்டர்டு) சான்று இருக்கிறது. 20 சதவீதத்திலிருந்து சான்று கிடைக்கும், பொருளில் அந்த முத்திரையை ஒட்ட 50 சதவீதமாவது வேண்டும்.

பாவும்ஊடையும்:

கடைசியாக ஒன்று. ஆர்டர் தாளில் என்ன வாசகம் போட்டால் பிறகு வாய்த்தகராறு வராது?

கார்டிங்மாஸ்டர் பதில்:

‘விர்ஜின் வுல் 80’னு மட்டும் போடாதீங்க. இப்படிப் போடுங்க:

‘கம்பளி 80% முழுவதும் புதுக் கம்பளி. கார்னெட் செய்த நூல் கழிவு, துணி வெட்டுத் துண்டு, பயன்படுத்திய துணியிலிருந்து எடுத்த இழை எதுவும் சேரக் கூடாது. நாயில் கம்பளியின் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் கூடாது. சராசரி விட்டம் இத்தனை மைக்ரான். பாலியமைடு தவிர வேறு இழை 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு லாட்டுக்கும் கலவைத் தாள் கிலோ கணக்கில், பேல் எண்ணோடு தர வேண்டும்.’

மைக்ரானை நீங்களே நிரப்பிக்கோங்க, கோட்டுக்கு 21லேருந்து 24க்குள்ள இருந்தா போதும். கலவைத் தாள்ல கூட்டிப் பார்த்தா உள்ளே போன கிலோவும் வெளியே வந்த நூலும் ஒத்து வரணும். 100 கிலோ இழை உள்ளே போய் 103 கிலோ நூல் வந்ததா தாள் காட்டினா, கணக்குல வராத மூணு கிலோ எங்கிருந்து வந்ததுன்னு கேளுங்க. கம்பளி ஈரம் குடிக்கும், கார்டிங்ல எண்ணெயும் தெளிப்பாங்க, அதனால கொஞ்சம் எடை ஏறலாம்னு பதில் வரும். ரெண்டும் நிஜம்தான். ஆனா கார்டுல கழிவும் விழுந்திருக்கணுமே. எண்ணெய் எத்தனை சதவீதம், உள்ளே போனப்ப ஈரம் எவ்வளவு, நூல் ஆனப்ப எவ்வளவு, கழிவு எத்தனை கிலோ, நாலு எண்ணையும் அதே தாள்ல எழுதச் சொல்லுங்க. ஒவ்வொரு லாட்லயும் ஒரு கோன் நூலையும் அரை மீட்டர் துணியையும் லாட் எண் எழுதி எடுத்து வைங்க, பூச்சி அரிக்காத மாதிரி மூடின பையில.